சீட்டில் எழுதாதவை



இந்தப் பேச்சின் தலைப்பைச் சொன்னதும் அறக்கட்டளைச் செயலாளர் கொஞ்சம் தயங்கினார். "மாத்திரையோட பக்கவிளைவை மேடையில பேசுனா, கேக்கறவங்க நாளைக்கே நிறுத்திப்போடுவாங்களே டாக்டர்" என்றார். நியாயமான பயம். எங்கள் தொழிலில் பெரும்பாலோருக்கு இது உண்டு; அதனால்தான் சீட்டு எழுதும்போது வாயைத் திறப்பதில்லை. நான் கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் பார்த்தது வேறு. பக்கவிளைவைச் சொன்னதால் மாத்திரையை நிறுத்தியவர்கள் சிலர். சொல்லாமல் விட்டதால், திடீரென்று உடம்பில் ஏதோ ஆகிறதே என்று மிரண்டு நிறுத்தியவர்கள் பலர். இன்றைய பேச்சு அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்.

முதலில் மாத்திரையின் பக்கம் நின்று பேசிவிடுகிறேன். ஆன்டிசைக்கோடிக் என்று நாங்கள் சொல்லும் இந்த மருந்துகளை ஊரில் 'நரம்பு மாத்திரை' என்பார்கள், 'தூக்க மாத்திரை' என்பார்கள். மனச்சிதைவு நோய்க்கும் வேறு சில கடுமையான மனநோய்களுக்கும் தருகிறோம். 2012இல் லான்செட் இதழில் ஜெர்மன் மருத்துவர் ஸ்டெஃபான் லாய்ஷ்ட்டின் குழு 65 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது நூற்றுக்கு 27 பேருக்கு. வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 பேருக்கு. மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம். ஆனால் அதே கணக்கைத் திருப்பியும் படிக்க வேண்டும். மாத்திரை சாப்பிட்டும் 27 பேருக்குத் திரும்பியது. சாப்பிடாமலே 36 பேருக்கு அந்த ஓராண்டில் திரும்பவில்லை. உங்கள் பிள்ளை இதில் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே சொல்ல எங்களிடம் ஒரு ரத்தப் பரிசோதனையும் இல்லை, ஸ்கேனும் இல்லை.

இந்த மருந்துகளின் கதையை 1952ஆம் ஆண்டு பாரிஸில், செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலேயும் பியர் டெனிகரும் குளோர்புரோமசின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்ததிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் கல்கத்தாவிலிருந்து தொடங்குகிறேன். 1931இலேயே கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், சர்ப்பகந்தா வேர் பைத்தியத்துக்கும் ரத்தக்கொதிப்புக்கும் உதவுகிறது என்று மருத்துவ இதழில் எழுதினார்கள். அப்போது வெளிநாட்டில் பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இருபது ஆண்டு கழித்து, 1952இல், ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்ப்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தது. அதன் பிறகுதான் மேல்நாட்டு மனநல மருத்துவமனைகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. போன சில மாதங்களிலேயே டாக்டர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். கூச்சலும் மிரட்சியும் அடங்கிய நோயாளிகளில் பலருக்குக் கை நடுங்கியது, முகம் இறுகியது, நடை சுருங்கியது. வயதானவர்களுக்கு வரும் பார்க்கின்சன் நோயை அப்படியே உரித்து வைத்தது போல.

ஏன் என்பதற்கு விடை கிடைத்தது ஸ்வீடனில். 1957இல் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்ப்பின் கொடுத்தார். முயல்கள் காது தொங்க, அசைவில்லாமல் குந்திக்கொண்டன. பிறகு எல்-டோபா என்ற பொருளை ஊசியாகப் போட்டார். கொஞ்ச நேரத்தில் முயல்கள் எழுந்து நடமாடின. டோபமின் என்ற வேதிப்பொருள் மூளையில் தனியாக வேலை பார்க்கிறது என்பதும், அது வற்றினால் உடல் இறுகிப்போகும் என்பதும் அப்படித்தான் உறுதிப்பட்டன. கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டு வேருக்கு அதில் ஒரு பங்கு உண்டு. பரிசுப் பட்டியலில் வேருக்கு இடமில்லை.

இங்கே உட்கார்ந்திருக்கும் பொள்ளாச்சி, உடுமலைக்காரர்களுக்கு எளிதாகப் புரியும் விதத்தில் சொல்கிறேன். பி.ஏ.பி. வாய்க்காலில் ஒரு காடு மட்டும் ஊறிப்போய்க் கிடக்கிறது என்று மேலே மதகை இறக்கினால், அந்தக் காட்டுக்கு மட்டுமா தண்ணீர் குறையும்? கீழே உள்ள எல்லாக் காட்டுக்கும்தான். மூளையில் டோபமின் பாயும் தடங்கள் சில உண்டு. ஒன்று, இல்லாத குரலைக் கேட்கவைக்கும், வேண்டாத சந்தேகத்தைக் கிளப்பும் இடத்துக்குப் போகிறது. இன்னொன்று கைகால் அசைவுக்கு. மற்றொன்று மாதவிலக்கையும் தாய்ப்பாலையும் ஆளும் சுரப்பிக்கு. மாத்திரை மதகை இறக்குகிறது. முதல் தடத்துக்கு மட்டும் இறக்கும் கருவி இன்னும் யாரிடமும் இல்லை. நல்விளைவும் பக்கவிளைவும் ஒரே வாய்க்கால் தண்ணீர்.

மதகை எவ்வளவு இறக்கலாம் என்பதற்கு அளவு உண்டு. டொராண்டோவில் ஷிதிஜ் கபூரும் அவருடன் இருந்தவர்களும், முதன்முறை நோய் கண்டவர்களுக்கு ஹாலோபெரிடால் என்ற பழைய வகை மருந்தைக் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்து 2000இல் வெளியிட்டார்கள். டோபமின் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளில் ஏறத்தாழ 65 விழுக்காடு அடைபட்டால் நோய் குறையத் தொடங்குகிறது. 72ஐத் தாண்டினால் தாய்ப்பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஏறுகிறது. 78ஐத் தாண்டினால் கை நடுக்கமும் இறுக்கமும். 65க்கும் 78க்கும் நடுவில் உள்ள அந்தச் சின்ன இடைவெளியில்தான் நாங்கள் வண்டி ஓட்டுகிறோம். 'இன்னும் ஒரு மாத்திரை சேத்திக் குடுங்க, சீக்கிரம் செரியாகட்டும்' என்று கேட்கும் உறவினருக்கும், உடனே சேர்த்து எழுதும் டாக்டருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் நல்லது.

இனி உடம்புக்கு வருவோம்.

பல்லடம் பக்கம் ஒரு கிராமம். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றிச் சொல்கிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பையன், இருபது வயதுகூட ஆகவில்லை. பல நாளாகத் தூக்கமில்லை. செல்போன் வழியாகத் தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்கிறான். ஒரு மருத்துவமனையில் ஹாலோபெரிடால் ஊசி போட்டு, மாத்திரையும் கொடுத்து அனுப்புகிறார்கள். இரண்டாம் நாள் பொழுது சாயும் நேரம் தாடை ஒரு பக்கமாகக் கோணுகிறது. நாக்கு தடித்து வெளியே தள்ளுகிறது. கழுத்து இடதுபுறம் திருகி அப்படியே நிற்கிறது. கண் இரண்டும் மேலே சொருகி, விட்டத்தைப் பார்த்தபடி இறங்க மறுக்கின்றன. இவ்வளவு நடக்கும்போதும் பையனுக்கு நினைவு முழுதாக இருக்கிறது, பேசத்தான் முடியவில்லை. பார்த்த அமுச்சி "இது காத்துக் கருப்புதான்" என்று சொல்லிவிட்டார். பக்கத்து ஊர்ப் பூசாரி, வேப்பிலை, திருநீறு, விடியும் வரை அடி. மறுநாள் காலை தூக்கிக்கொண்டு வந்தார்கள். புரோமெத்தசின் ஒரு ஊசி. கால்மணி நேரத்துக்குள் கண் இறங்கியது, கழுத்து நேரானது. அப்பா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். "இப்படி வருமுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ராத்திரியெல்லாம் அவனை அந்தப் பாடு படுத்தியிருக்க மாட்டமுங்களே" என்றார்.

இதற்குத் தசைப்பிடிப்பு என்று பெயர். இளைஞர்களுக்கு, அதிலும் ஆண்களுக்கு, முதல் சில நாட்களில், பழைய வகை மருந்து ஊசியாகப் போகும்போது அதிகம் வரும். தொண்டைத் தசையைப் பிடிக்காதவரை உயிருக்கு ஆபத்தில்லை. தடுக்கவும் முடியும். வேலூர் சி.எம்.சி.யிலும் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவிலும் அவசர சிகிச்சைக்கு வந்தவர்களை வைத்து இந்த ஊசிகளை ஒப்பிட்டு ஆய்வுகள் நடந்தன. ஹாலோபெரிடாலைத் தனியாகப் போடுவதா, புரோமெத்தசினைச் சேர்த்துப் போடுவதா என்று பார்த்த ரியோ ஆய்வு 2007இல் வெளியானது. தனியாகப் போட்டவர்களுக்கு இந்தத் தசைப்பிடிப்பு வந்ததால் அந்த ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். இவ்வளவு தெரிந்த பிறகும் ஹாலோபெரிடாலைத் தனி ஊசியாகப் போட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. எனக்கு அதில் கோபம் உண்டு.

தசைப்பிடிப்பு கண்ணுக்குத் தெரியும். அதைவிடக் கொடியது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. 'இருப்புக்கொள்ளலை' என்பார்கள் நம் ஆட்கள்; டாக்டர்கள் அக்கதீசியா என்பார்கள். உட்கார்ந்தால் எழச் சொல்கிறது, எழுந்தால் நடக்கச் சொல்கிறது, நடந்தால் காலுக்குள் ஏதோ ஊர்கிறது. நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி ஊன்றுவார்கள். ராத்திரி வாசலில் நடந்துகொண்டே இருப்பார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அது நோய் முற்றியது போலவே தெரியும். "மாத்திரை குடுத்தும் இப்படி அலையறானே" என்று வந்து சொல்வார்கள். கேட்கும் டாக்டர் அவசரத்தில் இருந்தால் மருந்தைக் கூட்டுவார். கூட்டினால் இருப்புக்கொள்ளாமையும் கூடும். இந்தச் சுழலில் சிக்கியவர்களில் சிலர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை போகிறார்கள். அது குரல் சொல்லி வந்த எண்ணமல்ல, உடம்பு தாங்காமல் வந்தது. மருந்தைக் குறைத்தோ மாற்றியோ, புரோப்ரனலால் மாதிரி ஒரு மாத்திரையைச் சேர்த்தோ பெரும்பாலும் அடக்கிவிடலாம். அதற்கு முதலில் கேட்க வேண்டும். 'தூக்கம் வருதா' என்று கேட்கிறோம், 'குரல் கேக்குதா' என்று கேட்கிறோம். 'சித்த நேரம் ஒரே எடத்துல உக்கார முடியுதா' என்று கேட்பதில்லை.

கை நடுக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தொழிலோடு சேர்த்துப் பாருங்கள். சோமனூரில் தறிக்கு அச்சு பிணைக்கும் ஒருவர். பழைய பாவின் இழையையும் புதுப் பாவின் இழையையும் விரல் நுனியில் உருட்டி ஒட்டவைக்கும் வேலை, ஆயிரக்கணக்கான இழைகள். மாத்திரையால் நோய் அடங்கியது, விரலும் அடங்கிப்போனது. ஓபி சீட்டில் 'நலம்' என்று எழுதியிருந்தது. அவருக்கு மாதக்கணக்கில் கூலி இல்லை. யாருக்கு எந்த மருந்து என்று முடிவு செய்யும்போது 'என்ன வேலைக்குப் போறீங்க' என்ற கேள்வி எந்த ரத்தப் பரிசோதனைக்கும் குறைந்ததல்ல. லேத்தில் நிற்பவருக்குத் தூக்கம் கூட்டும் மருந்தைக் காலையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபவுண்டரியில் உருக்கு உலைக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு வியர்வையைக் குறைக்கும் மாத்திரையைக் கொடுத்தால் உடம்புச் சூடு இறங்க வழியில்லை.

அந்த வியர்வைக் கணக்கில் பெரும்பங்கு ஒரு சின்ன மாத்திரையுடையது: ட்ரைஹெக்சிபெனிடில். நடுக்கத்துக்கு நல்ல மருந்து. ஆனால் நடுக்கம் வருவதற்கு முன்பே, 'எதுக்கும் இருக்கட்டும்' என்று எல்லோருக்கும் எழுதுகிறார்கள். வாய் வறளும், மலம் கட்டும், பார்வை மங்கும், ஞாபகம் தடுமாறும், வயதான ஆண்களுக்கு மூத்திரம் அடைக்கும். தடுப்பாக வழக்கமாகக் கொடுக்காதீர்கள் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பல வீடுகளில் முதல் மாத்திரை மாறிவிட்டது, இது மட்டும் சீட்டுக்குச் சீட்டு நகலெடுக்கப்பட்டுத் தொடர்கிறது.

ஆண்டுக்கணக்கில் சாப்பிட்ட பிறகு வருவது இன்னொன்று: வாய் தானாக அசைபோடும், நாக்கு துழாவும், உதடு குவியும். இதற்கு எப்போதும் மாத்திரை மட்டும்தான் காரணமா? இந்தக் கேள்விக்கு உலகத்துக்கு விடை சொன்னதில் நம் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தில், டாக்டர் தாராவும் உடனிருந்தவர்களும் ஸ்காட்லாந்து மருத்துவர் ராபின் மெக்ரீடியோடு சேர்ந்து, வாழ்நாளில் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாத மனச்சிதைவு நோயாளிகளைத் தேடிப் பார்த்தார்கள். மேல்நாட்டில் அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பது கடினம். நம் ஊரில், வருத்தம்தான், கடினமில்லை. 1996இல் வெளியான முடிவு இது: இப்படிப்பட்ட தானியங்கு அசைவு, நோயில்லாத சாதாரண ஆட்களில் 15 விழுக்காடு, மருந்தே தொடாத நோயாளிகளில் 38, மருந்து சாப்பிட்டவர்களில் 41. அதாவது நோய்க்கும் அதில் கை உண்டு, வயதுக்கும் உண்டு. இதை வைத்து மாத்திரை குற்றமற்றது என்று தீர்ப்பு எழுத முடியாது. பழைய வகை மருந்துகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு பேருக்கு இது புதிதாக வருகிறது என்ற கணக்கும் நிற்கிறது. ஆனால் மாத்திரை தொடங்கும் முன்பே வாயையும் விரலையும் ஒரு முறை பார்த்துக் குறித்து வைத்தால்தான் பிறகு யார் மேல் பழி என்று தெரியும். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

1990களில் புதிய மருந்துகள் வந்தன. நடுக்கம் குறைந்தது. அப்பாடா என்று இருந்தோம். பிறகு எடை வந்தது.

அந்தப் புதிய மருந்துகளில் ஒன்றான ஓலான்சபின் சாப்பிடுகிறவருக்கு வரும் பசி வேறு மாதிரி. வயிறு நிறைந்தாலும் பசி நிற்காது. கோயம்புத்தூரில் பேக்கரி இல்லாத முக்கு உண்டா? காலையில் டீயும் வர்க்கியும், பதினொரு மணிக்குப் பப்ஸ், சாயங்காலம் தேங்காய் பன். சில மாதங்களில் சட்டை எல்லாம் இறுகிப்போகும். வீட்டில் 'நல்லா தேறிட்டான்' என்று சந்தோஷப்படுவார்கள். இது தேறியது அல்ல. இடுப்புச் சுற்றளவு, எடை, சர்க்கரை, கொழுப்பு: நான்கையும் தொடங்கும்போது பார்க்க வேண்டும், மூன்றாம் மாதம் பார்க்க வேண்டும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். மெட்ஃபார்மினைச் சீக்கிரமே சேர்த்தால் எடை ஏறுவதை ஓரளவு பிடித்து நிறுத்தலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பாருக்குப் பார்க்கிறார்கள். உள்ளறையில் போர்த்திப் படுத்திருக்கும் பேரனுக்கும் பார்க்கச் சொல்லுங்கள்.

பெண்களிடம் வேறு கதை. ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு மாதிரி மருந்துகள் புரோலாக்டினை ஏற்றும். மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றும் போகும். கல்யாணமாகாத பெண்ணுக்கு மார்பில் பால் கசியும். இதைச் சொல்லாமல் மாத்திரை கொடுத்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தாய் மகளைத் தனியே கூப்பிட்டுக் கேட்கும் கேள்வி, அக்கம்பக்கத்தில் தெரிந்துவிடுமோ என்ற நடுக்கம், பெண் பார்க்க வரும் ஒறம்பரையிடம் மறைக்க விட்டமின் டப்பாவுக்குள் போன மாத்திரைகள். மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும் சங்கதி இது. ஆண்களுக்கும் தாம்பத்தியத்தில் குறை வரும். அவர்கள் சொல்லவே மாட்டார்கள், மாத்திரையை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்துவார்கள். டாக்டர்தான் கூச்சத்தை விட்டுக் கேட்க வேண்டும்.

குளோசபினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற மருந்துகள் கைவிட்டவர்களுக்கு வேலை செய்யும் மருந்து அது. 1975இல் பின்லாந்தில் குளோசபின் சாப்பிட்டவர்களில் சிலருக்கு ரத்த வெள்ளணுக்கள் திடீரென்று விழுந்தன. 8 பேர் இறந்தார்கள். பல நாடுகளில் அந்த மருந்து ஒதுக்கி வைக்கப்பட்டது. 1988இல் ஜான் கேன் அமெரிக்காவில் செய்த ஆய்வு, வேறு எதற்கும் அசையாத நோயாளிகளுக்கு இது உதவுகிறது என்று காட்டிய பிறகு, வாராவாரம் ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு திரும்பி வந்தது. அதே பின்லாந்தில் டீஹோனன் குழு 66,881 நோயாளிகளைப் பதினோரு ஆண்டு பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்டது. எல்லா மருந்துகளையும்விடக் குளோசபின் சாப்பிட்டவர்களிடம்தான் இறப்பு குறைவு. ஆளைக் கொன்றது என்று தள்ளிவைத்த மருந்தே ஆயுளைக் கூட்டும் பக்கம் நின்றது. ரத்தத்தை எண்ணிப் பார்த்து, கேட்டு, கவனித்துக் கொடுத்ததும் அதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். ராத்திரி எச்சில் ஊறித் தலையணை நனைவதைக் குடும்பம் சொல்லும், மலச்சிக்கலைச் சொல்லாது. ரத்தத்தில் வரும் கோளாறுக்கு எல்லோரும் பயப்படுகிறோம், ஆனால் குளோசபினில் குடல் நின்றுபோய் இறந்தவர்களும் உண்டு. மூன்று நாள் வெளிக்குப் போகவில்லை என்றால் அது அவசரம்.

இன்னொரு அவசரம், வெகு அபூர்வம், அதனால் சுருக்கமாக: கடும் காய்ச்சல், உடம்பு கட்டைபோல் விறைப்பு, நினைவு தடுமாற்றம் மூன்றும் சேர்ந்து வந்தால் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்போது யாரும் மேடையில் பேச விரும்பாத ஒன்று. சாப்பாட்டில் மாத்திரையைக் கலந்து கொடுப்பது. ரசத்தில், மோரில், காப்பியில். ஸ்கார்ஃபின் டாக்டர் ஸ்ரீனிவாசனும் டாக்டர் தாராவும் 2002இலேயே இந்தியக் குடும்பங்களின் இந்த வழக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கலக்கும் தாயை நான் குற்றம் சொல்ல மாட்டேன். நடுராத்திரியில் அரிவாளோடு நிற்கும் மகனை அவர் பார்த்திருக்கிறார், நான் பார்த்ததில்லை. ஆனால் என்ன நடக்கிறது பாருங்கள். சாப்பாட்டில் யாரோ விஷம் வைக்கிறார்கள் என்பது அவனுடைய நோய். கலந்து கொடுத்த அன்றிலிருந்து, அவன் சந்தேகத்தில் பாதி உண்மை. நாக்கு தடிக்கிறது, கால் பரபரக்கிறது, காரணம் அவனுக்குத் தெரியாது. தெரியாததால் டாக்டரிடம் சொல்ல மாட்டான். சொன்னாலும் வீட்டில் யாரும் மாத்திரையைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். பக்கவிளைவைக் கண்டுபிடிக்கும் ஒரே ஆளை, அதை அனுபவிப்பவனை, நாம் வெளியே நிறுத்திவிடுகிறோம். ஒரு நெருக்கடியில் சில நாள் கொடுத்தது வேறு. ஆண்டுக்கணக்கில் கொடுப்பது வேறு. கலந்துகொண்டிருக்கிறீர்கள் என்றால் தயவுசெய்து டாக்டரிடமாவது சொல்லிவிடுங்கள்.

மாத்திரையை நிறுத்துவது நம் கிராமத்து அறியாமை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1,493 பேரைக் கொண்டு நடந்து 2005இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 18 மாதம் முடிவதற்குள் 74 விழுக்காட்டினர் தங்களுக்குக் கொடுத்த மாத்திரையைத் தொடரவில்லை. பலன் போதவில்லை என்றோ, தாங்க முடியவில்லை என்றோ, வேண்டாம் என்றோ நிறுத்தினார்கள். படித்தவர், படிக்காதவர், டாலர், ரூபாய் எல்லாம் அதில் ஒன்றுதான்.

எனவே நிறுத்துவது பற்றியும் வெளிப்படையாகப் பேசலாம். திடீரென்று நிறுத்தினால் தூக்கம் போகும், குமட்டும், நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். டாக்டரோடு பேசி மாதக்கணக்கில் மெல்லக் குறைப்பது ஒரு வழி. அதற்கும் விலை உண்டு. இங்கிலாந்தில் 253 பேரிடம் மெல்லக் குறைத்துப் பார்த்து 2023இல் வெளியிட்டார்கள். இரண்டாண்டு முடிவில், குறைத்தவர்களில் நான்கில் ஒருவருக்கு நோய் கடுமையாகத் திரும்பியது. தொடர்ந்தவர்களில் எட்டில் ஒருவருக்கு. அன்றாட வாழ்க்கை மேம்படும் என்ற எதிர்பார்ப்பும் அந்தக் காலத்துக்குள் நிறைவேறவில்லை. ஆனாலும் குறைத்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு அப்படித் திரும்பவில்லை. முடிவை மருத்துவர் தனியாக எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நோயாளியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் வெந்து மாண்ட பிறகு நாடு கொஞ்சம் விழித்தது. 2017இல் நிறைவேறி, 2018 மே 29இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தரப்போகும் சிகிச்சை என்ன, அதன் தெரிந்த பக்கவிளைவுகள் என்ன என்று அறிந்துகொள்வது நோயாளியின் உரிமை. அவரால் புரிந்துகொள்ள முடிகிற மொழியில், வடிவத்தில் சொல்ல வேண்டும். மாத்திரைப் பெட்டிக்குள் பொடி எழுத்தில் மடித்து வைத்த ஆங்கிலத் தாள் அந்த வடிவம் இல்லை என்று நான் நினைக்கிறேன். வரிசை மாடிப்படி வரை நிற்கும் ஓபியில் ஒரு டாக்டரால் எல்லோருக்கும் உட்கார்ந்து விளக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். நர்ஸ் சொல்லலாம், மெடிக்கல் கடைக்காரர் சொல்லலாம், மாவட்ட மனநலத் திட்டத்தின் சமூகப் பணியாளர் சொல்லலாம்.

அதற்காகத்தான் அறக்கட்டளையாரிடம் ஒரு விண்ணப்பம். ஒரே ஒரு தாள், இரண்டு பக்கம், நம் பேச்சில், பெரிய எழுத்தில். முன்பக்கம் முதல் வாரத்தில் வரக்கூடியவை: கழுத்து திருகினால் பயப்படாதீர்கள், அது காத்துக் கருப்பு அல்ல, ஊசியில் சரியாகும், எந்த நேரமானாலும் வாருங்கள். உட்கார முடியவில்லை என்றால் தேதிக்குக் காத்திருக்காமல் வாருங்கள். பின்பக்கம் மூன்று மாதத்தில் பார்க்க வேண்டியவை. எடையும் சர்க்கரையும் எழுதக் கட்டம் போட்டு, மாதவிலக்குக்கு ஒரு கட்டம், வெளிக்குப் போவதற்கு ஒரு கட்டம். அடியில் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண். மருந்தின் பக்கவிளைவை நோயாளியோ வீட்டாரோ நேரடியாகத் தெரிவிக்க இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் வைத்திருப்பது. அவர்களுடைய படிவம் தமிழிலும் உண்டு.

வரைவு எழுதி எடுத்துவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு பேராவது என்னோடு உட்கார்ந்து அதைத் திருத்திக் கொடுத்தால், செயலாளர் அச்சகத்தில் விலை கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். கட்டங்கள் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்று அச்சகத்தாரிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன். நடுங்கும் கையும் எழுத வேண்டும்.